பெருமை போதும், அளவைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு சித்த மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சித்த மருத்துவ விழா என்றால் மேடையில் அகத்தியர் படமும், ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்ற பேச்சும் தவறாமல் இருக்கும். கைதட்டிவிட்டு வருகிறவர்கள் மருந்து ஜன்னலில் கேட்பது வேறு. "காலையில் காய்ச்சியதை ராத்திரி குடிக்கலாமா? சர்க்கரை மாத்திரையோடு சேருமா? பிள்ளைக்கு எத்தனை மில்லி?"

2012-இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீர் ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். பொடி வாங்கியவர்களிடம், தண்ணீர் கால் பங்காக வற்றும்வரை காய்ச்சி, வடிகட்டி, சூடு ஆறியதும் குடித்துவிடச் சொன்னோம். ஆனால் அது ஒன்பது சரக்கு சேர்ந்த மருந்து என்பது மக்களிடம் பதியவே இல்லை. நிலவேம்பை மட்டும் கொதிக்கவைத்து அதையே குடிநீர் என்று குடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி' என்று வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி சுற்றுகிறது. அதை நம்பி, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் மேலாநெல்லியைப் பிடுங்கி வருகிறவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய சங்கதி, பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் சாறு குடித்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். ஆடாதோடை சளிக்கு நல்லது என்று எழுதுகிறவர்களும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, மருந்துப் பெட்டியாவது சொல்கிறதா? நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்துகளில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கின்றன மருந்து விதிகள். அப்படியொரு நச்சுச் சரக்கான சேராங்கொட்டை சேர்ந்த லேகியம் வாங்கும் நம்மூர்ப் பாட்டி அதை எந்தக் கண்ணாடி போட்டுப் படிப்பார்? பக்கத்தில் தமிழிலும் போட விதி ஒன்றும் தடை சொல்லவில்லை. தயாரிப்பாளர்கள்தான் மனம் வைக்கவேண்டும்.

தங்கள் நாளிதழில் வாரம் ஒரு மூலிகைக்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள். செடியின் தெளிவான படம், அதோடு குழம்பக்கூடிய செடியின் படம், எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு ஆகாது, எப்போது அதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பதெல்லாம் அதில் வரட்டும். எழுதும் மருத்துவரின் பதிவு எண்ணையும் போடுங்கள். 'அற்புதம்', 'அதிசயம்' மட்டும் வேண்டாம். மந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே சட்டம் வந்தாயிற்று. முதலில் கீழாநெல்லியை எடுங்கள். மழைக்காலத்தில்தான் ஆட்கள் அதைத் தேடிக் கிளம்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்த மருந்தாளுநர் ஒருவர்