சிக்னல் அறுந்த பிறகும் பழைய அளவையே காட்டிய குளுக்கோஸ் சென்சார் செயலி குறித்துப் புகார்

அனுப்புநர்
முதல் வகை நீரிழிவு உள்ள 9 வயதுச் சிறுமியின் தாய்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: சிக்னல் துண்டிக்கப்பட்டபோது அலாரம் ஒலிக்காதது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தோலுக்கடியில் செருகிய மெல்லிய இழையால் சர்க்கரை அளவை இடைவிடாது அளக்கும் தங்கள் நிறுவனத்தின் தொடர் குளுக்கோஸ் சென்சாரை என் மகள் இரண்டு ஆண்டுகளாகக் கையில் அணிந்து வருகிறாள். அதனுடன் இணைந்த கைபேசிச் செயலியால் கடந்த வாரம் ஓர் இரவில் நேர்ந்ததைத் தங்கள் உதவி மையத்துக்கு எழுதியிருந்தேன். வந்த பதில் நான் கேட்டதற்கான பதிலாக இல்லை. ஆகவே நடந்ததை மீண்டும் முழுமையாக எழுதுகிறேன்.

அன்று மாலை அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடி விளையாடியிருந்தாள். விளையாடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால், 80-க்குக் கீழே போனால் ஒலிக்குமாறு அலாரத்தை வைத்துவிட்டுப் படுத்தேன். 2.40 மணிக்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்தது. கைபேசித் திரையில் 118 என்ற எண்ணும், அளவு நிலையாக இருப்பதைக் குறிக்கும் கிடைமட்ட அம்புக்குறியும் தெரிந்தன. மன நிம்மதியோடு மீண்டும் படுக்கப் போன நான், மகளின் தலையணை நனைந்திருந்தது கையில் பட்டதால்தான் நின்றேன். கழுத்தெல்லாம் வியர்வை, விரல்கள் சில்லிட்டிருந்தன. விரல் நுனியில் குத்தி ஸ்ட்ரிப்பில் பார்த்தபோது 47 மி.கி./டெ.லி. இருந்தது. அவளை எழுப்பி உட்காரவைத்து 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்தேன், 63. மறுபடியும் அதே அளவு கொடுத்த பிறகே 90-ஐத் தாண்டியது.

அதன் பிறகுதான் திரையை உற்றுப் பார்த்தேன். 118 என்ற பெரிய எண்ணுக்குக் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு எட்டாத சிறு எழுத்தில் ‘கடைசி அளவீடு 1.05’ என்று இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தைய எண்ணை இப்போதைய எண்ணாக நினைத்து நான் மீண்டும் படுக்கப் போயிருக்கிறேன்.

சென்சார் இரத்தத்தை அல்ல, திசுக்களுக்கிடையே உள்ள திரவத்தை அளப்பதால் விரலில் பார்க்கும் அளவோடு வேறுபாடு இருப்பது இயல்பு என்று உதவி மையம் எழுதியிருக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. அந்தத் தாமதம் சுமார் 5 முதல் 15 நிமிடம். ஒன்றரை மணி நேரம் அல்ல. சென்சார்மேல் அழுத்திப் படுத்திருப்பாளோ என்றும் கேட்டிருக்கிறார்கள். அழுத்திப் படுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், அலாரம் தேவையில்லாமல் ஒலிக்கும். எங்களுக்கு நேர்ந்ததோ நேர் எதிரானது.

சென்சாரின்மேல் எனக்குக் குறையே இல்லை. ப்ளூடூத் இணைப்பு திரும்பக் கிடைத்தவுடன், சென்சார் தன் நினைவில் வைத்திருந்த அளவுகளெல்லாம் வரைபடத்தில் வந்து நிரம்பின. 1.45-க்கு 70-ஐயும், 2.10-க்கு 54-ஐயும் தாண்டிக் கோடு இறங்கியிருந்தது. தோலுக்கடியில் இருந்த அந்த மெல்லிய இழை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது கண்டதை எனக்குச் சொல்ல வேண்டிய செயலிதான் வாய்மூடிக் கிடந்தது. புரண்டு படுக்கும் குழந்தையின் உடலே ப்ளூடூத் அலையைத் தடுக்கக்கூடும் என்பதால் இணைப்பு அறுவதைக்கூட நான் குற்றமாகச் சொல்லவில்லை. அறுந்ததை மறைத்ததுதான் குற்றம்.

முன்பெல்லாம் சிக்னல் போனால் 20 நிமிடத்தில் தனி அலாரம் ஒலிக்கும். அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது அது அணைக்கப்பட்டிருந்தது. நான் அணைக்கவில்லை. அந்த இரவுக்கு நான்கு நாள் முன்பு செயலியைப் புதுப்பித்தபோதுதான் அது மாறியிருக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பின் அறிவிப்பிலோ ‘சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. வைட்டமின் சி அதிகம் உட்கொண்டால் அளவு தவறலாம் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சிடத் தெரிந்த தங்களுக்கு, இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றாதது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. தூக்கத்தில் உடலின் எச்சரிக்கை அறிகுறிகள் மங்கிவிடும். அவளாக எழுந்து ‘அம்மா, என்னவோ செய்கிறது’ என்று சொல்வாள் என எதிர்பார்க்க முடியாது.

மாற்றுச் சென்சார் அனுப்புவதாகச் சொன்னீர்கள். எனக்கு அது வேண்டாம். புதுப்பிப்பு அந்த அலாரத்தை அணைத்ததா என்பதை அன்றைய பதிவுகளைப் பார்த்து எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். அணைத்தது உண்மையானால், இதே செயலியை வைத்திருக்கும் அனைவருக்கும் இன்றே எச்சரிக்கை அனுப்புங்கள். புதிய அளவு வராதபோது பழைய எண்ணையும் அம்புக்குறியையும் திரையிலிருந்து நீக்கிவிட்டு, ‘அளவு இல்லை’ என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள்.

சிக்னல் அலாரத்தை நானே மீண்டும் இயக்கிவிட்டேன். ஆனாலும் தங்கள் பதில் கைக்கு வரும் வரை, இரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் எழுந்து அவள் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் தாய்