ஆஞ்சியோ செய்தவர்கள் முதுகையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இதய நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை, கொழுப்பு, கல்யாண வீட்டு பிரியாணி எதையும் விட்டுவைக்கவில்லை. ஆஞ்சியோகிராமும் ஆஞ்சியோபிளாஸ்டியும் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் படம் போட்டே விளக்கியிருந்தீர்கள். அந்த மேஜையில் படுத்திருப்பவர் உடம்பில் எவ்வளவு எக்ஸ்ரே விழுகிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரேடியோகிராபராக, அதாவது எக்ஸ்ரே மெஷின்களை இயக்குபவராக, இருந்து ஓய்வு பெற்றவள். ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில், கதிரைத் தடுக்கும் ஈய உடையைச் சுமந்துகொண்டு நின்ற காலம் கொஞ்சமல்ல. அதனால் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஞ்சியோ வேண்டாம் என்று எழுந்து வந்துவிட வேண்டாம். மாரடைப்பு வந்தால் அடைப்பை உடனே திறப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். சாதாரண ஆஞ்சியோகிராமில் தோலுக்குக் கெடுதல் வருவது அபூர்வம். நீண்டு போகும் சிகிச்சைகள்தான் கவலைக்குரியவை. மாதக்கணக்கில் முழுதும் அடைத்துக் கிடக்கும் ரத்தக்குழாயைத் திறப்பது, ஒரே மூச்சில் மூன்று நான்கு ஸ்டென்ட் வைப்பது, மூளையின் ரத்தக்குழாய் வீக்கத்தை உள்ளிருந்து அடைப்பது போன்றவை. ஆள் பருமனாக இருந்தால், படம் தெளிவாகத் தெரிவதற்காக மெஷின் தானாகவே கதிரைக் கூட்டிக்கொள்ளும். (நம் ஆட்களின் தொப்பையைப் பற்றி உங்கள் கட்டுரையே போதுமான அளவு திட்டிவிட்டது.) கதிர் வரும் குழாய் பெரும்பாலும் மேஜைக்கு அடியில் இருப்பதால், அதை முதலில் வாங்குவது முதுகுத் தோல்.

எவ்வளவு வாங்கியது என்பதை மெஷினே கணக்கு வைக்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை ஓட்டும் பெடலை மிதிக்க மிதிக்க, திரையின் ஓரத்தில் ஓர் எண் வீட்டு மின்மீட்டர் போல ஏறிக்கொண்டே போகும். அதன் பெயர் ஏர் கெர்மா, மெஷின் வெளியிட்ட கதிரின் அளவு. மில்லிகிரேயில் காட்டும், ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே. அமெரிக்காவில் 2006 ஜூனுக்குப் பிறகு தயாராகும் ஃபுளோரோஸ்கோபி மெஷின்களில் (எக்ஸ்ரேயை நேரடிக் காட்சியாகக் காட்டுபவை) இந்த எண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்று விதி. 1994லேயே அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய தோல் காயங்களைப் பற்றி எச்சரித்திருந்தது. எத்தனை நிமிடம் எக்ஸ்ரே ஓடியது என்பதை மட்டும் எழுதிவைப்பது போதாது. பதிவுக்காக சினி எனும் தெளிவான ஓடும் படம் எடுக்கும்போது அதே ஒரு நிமிடத்தில் பல மடங்கு கதிர் விழும். ஏர் கெர்மாவும் தோலில் விழுந்த அளவைத் துல்லியமாகச் சொல்லிவிடாது. மெஷினின் சுழற்சி மையத்திலிருந்து குழாய்ப் பக்கமாக 15 சென்டிமீட்டர் தள்ளி உள்ள ஓர் இடத்துக்கான கணக்கு அது. ஆனாலும் எச்சரிக்கை மணி அடிக்க அது போதும்.

தோல் 2 கிரே வாங்கினால் சில மணி நேரத்தில் சிவந்து மறையலாம். 6 கிரே அளவுக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் சிவப்பு வரும். அதற்கும் மேலே வெகுதூரம் போனால் வாரங்கள், மாதங்கள் கழித்துப் புண். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். தையல் இல்லை, தழும்பு இல்லை. முதுகில் வந்ததற்கும் இதயத்துக்குச் செய்ததற்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. சிக்கலான ஸ்டென்ட் வேலை, நெடுநேரம் எடுத்தது. சில வாரத்தில் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே சிவந்தது. சித்தி அக்கி என்று காவி பூசினார். குடும்ப டாக்டரும் அக்கி என்றே மாத்திரை கொடுத்தார். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நாலு பக்கமும் நேரான ஓரம். அக்கி அப்படி வராது. கதிர்தான் சதுரமாக விழும். தோல் டாக்டர் சதையை வெட்டி எடுத்துச் சோதிக்கலாம் என்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். கதிர் பட்ட தோலில் கத்தி வைத்தால் அந்தக் காயம் ஆறாமலே போகக்கூடும். பிறகு அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பார்த்தோம். 5 கிரேயைத் தாண்டியிருந்தது. அந்த அளவைத் தாண்டினால் நோயாளிக்குச் சொல்லி, தோலைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. எண் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது, டிஸ்சார்ஜ் கடிதத்தில்தான் இல்லை.

வேலை செய்யும் எங்கள் சட்டையில் கதிரை அளக்கும் டோசிமீட்டர் இருக்கும். வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் உண்டு. நோயாளிக்கு வரம்பு கிடையாது. வைக்கவும் கூடாது, பாதியில் நிறுத்தினால் உயிர் போகலாம். அதனாலேயே அவருடைய கணக்கை எழுதித் தருவது இன்னும் அவசியமாகிறது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல் ஆஞ்சியோ பிரைவேட்டில் நடக்கும். மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீட்டுப் பணம் தீர்ந்ததும் அடுத்தது அரசு மருத்துவமனையில். முதல் இடத்தில் முதுகு எவ்வளவு வாங்கியது என்று இரண்டாவது டாக்டருக்குத் தெரிந்தால், கோணத்தை மாற்றி வேறு இடத்துத் தோல் வழியாகப் பார்ப்பார். அவசரமில்லாவிட்டால் சில வாரம் தள்ளிப்போடுவார்.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், 6ஆம் பிரிவில், சிகிச்சையின் நன்மை, ஆபத்து, செலவு, பின்விளைவு எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. முடிந்தவரை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கையெழுத்து வாங்கும் படிவத்தில் ‘கதிர்வீச்சு’ என்று ஒரு சொல் போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள வயதானவர்களுக்கு அது என்ன விளங்கும்?

டிஸ்சார்ஜ் கடிதத்தில் ஏர் கெர்மாவுக்கு ஒரு வரி ஒதுக்க மருத்துவமனைகளுக்குச் செலவு ஒன்றும் இல்லை. அவர்கள் செய்யும்வரை குடும்பத்தார் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: “ஏர் கெர்மா எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிகிச்சை நீண்டிருந்தால், இரண்டாவது வாரத்திலிருந்து சில மாதம் வரை வீட்டில் யாராவது முதுகைப் பார்க்கட்டும். சிவந்தால் சொறியாதீர்கள், எதையும் பூசாதீர்கள். ஆஞ்சியோ செய்த டாக்டரிடமே காட்டுங்கள்.” கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது, உங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி தேடவே நேரமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்
சாட்ஸ்வொர்த், டர்பன்
(பெயரை வெளியிட வேண்டாம்)