ஏர்பிரஷ் மேல் பழி போடாதே

மாப்பிள்ளை,

மூன்று வாரமாகப் பதில் போடாதது தப்புதான். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். வாத்தியார் இன்னும் அந்தப் பாய்மரக் கப்பல் மாடலை முடிக்கவில்லை. அதைப் பற்றி அவரிடம் வாய் திறக்காதே.

நீ பெயிண்ட் அடித்து அனுப்பிய மாடல் விமான இறக்கைப் படத்தைப் பார்த்தேன். உப்புத்தாள் தோற்றது போ! அதற்காக, காற்றால் பெயிண்ட்டைத் தூவும் அந்த ஏர்பிரஷ்ஷையே மாற்றப் போகிறாயா? காசைக் கரியாக்காதே. பெயிண்ட் வெளிவரும் முனை, அதாவது நாசில், 0.3 மி.மீ.; டபுள் ஆக்‌ஷன் ட்ரிகர் (அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்). கற்றுக்கொள்ள இது தாராளம். கோளாறு நீ பெயிண்ட் கலக்கும் இடத்தில்.

'பால் பதம்' என்பார்கள். காய்ச்சிய பாலா, காய்ச்சாத பாலா என்று ஒருத்தரும் சொல்வதில்லை. கலவையைக் கோப்பையின் உட்சுவரில் பிரஷ்ஷால் மேலே இழுத்துவிடு. மெல்லிய படலம் விட்டு நிதானமாக இறங்கினால் சரி. திட்டாக நின்றால் கெட்டி, கறையே இல்லாமல் ஓடினால் நீர்த்துவிட்டது. டாமியா கம்பெனி அக்ரிலிக் பெயிண்ட்டுக்கு ஒரு பங்கு பெயிண்ட், ஒரு பங்கு தின்னரில் ஆரம்பி. தேவைப்பட்டால் தின்னரை ஒன்றரைப் பங்காக்கு. வல்லேஹோ கம்பெனி பெயிண்ட்டுக்கு அதன் சொந்த தின்னர் மட்டும்தான். லாக்கர் தின்னரை ஊற்றினாயோ, திரிந்து நாசிலுக்குள் கட்டியாக உட்கார்ந்துவிடும்.

சொரசொரப்புக்குக் காரணம், பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து பொடியாக விழுவது. நீ காற்றழுத்தத்தை 25 psi வைத்து ஒரு முழம் தள்ளி நின்று அடித்தால் வேறென்ன ஆகும்? 15 psi-க்கு இறக்கு, 8 முதல் 10 செ.மீ. தூரத்துக்கு வா. ட்ரிகரை அழுத்திக் காற்று ஓடும்போது மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. சும்மா இருக்கும்போது கூடுதலாகத்தான் காட்டும். இதற்கு நேர்மாறு, சிலந்திக் கால் மாதிரி பெயிண்ட் சிதறி ஓடுவது: ரொம்ப நீர்த்த கலவை, ரொம்பக் கிட்டே, காற்றும் அதிகம்.

கோட்டின் தொடக்கத்தில் சொட்டு விழுகிறது என்றாயே, அது விரல் பழக்கம். முதலில் காற்று, கை நகர ஆரம்பித்த பிறகு பெயிண்ட். முடிக்கும்போது பெயிண்ட்டை நிறுத்து, கடைசியில் காற்றை. நடுவில் துப்பினால் ஊசி முனையில் காய்ந்திருக்கிறது; தின்னர் நனைத்த காட்டன் பட்ஸால் துடை, கலவையில் காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் இரண்டு சொட்டு விடு. கோப்பையில் குமிழி வந்தால் நாசில் அடைத்திருக்கும், சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது விண்டிருக்கும். உடனே ஸ்பேனரை எடுத்து உன் பலத்தைக் காட்டாதே! மரை உள்ளேயே முறிந்து நின்றுவிடும். லேசாகப் பிடித்ததும் நிறுத்திவிடு.

கழுவும்போது முழு ஏர்பிரஷ்ஷையும் தின்னரில் ஊறப்போடாதே, உள்ளே ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை, மாப்பிள்ளை. ஜன்னலைத் திறந்துவைத்தேன் என்று எழுதியிருக்கிறாய், போதாது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூவலைத் தடுக்கும் துகள் ஃபில்டரும் போட்ட ரெஸ்பிரேட்டர், அதாவது மூச்சுக் கவசம், வாங்கு. அக்ரிலிக்தானே என்று சமாதானம் சொல்லாதே. அந்தத் தூவலும் நுரையீரலுக்குத்தான் போகிறது. புது ஏர்பிரஷ்ஷுக்கு ஒதுக்கிய காசை இதில் போடு.

அந்த இறக்கையை இப்போதைக்குத் தொடாதே. பத்து பிளாஸ்டிக் ஸ்பூனில் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துப் பழகி, படம் அனுப்பு. கேனப்பிக்கு, அதாவது விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு, பெயிண்ட் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுவது தனிப் புராணம், அடுத்த கடிதத்தில். அதற்குள் ஊசியை வளைத்துவிடாதே.

உன்
மச்சான்