லாபியில் சிற்பம் வைப்பதற்கு முன்னால் ஒரு பெஞ்சு போடுங்கள்

எங்கள் கட்டடத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

போன வாரம் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். தரைத்தள லாபியைப் புதுப்பிக்கப் போகிறீர்களாம். நின்றுபோன நீரூற்று இருக்கும் இடத்தில் பெரிய ஸ்டீல் சிற்பம், வலதுபக்கச் சுவர் முழுக்க எல்.இ.டி. திரை, எட்டாவது மாடியில் ‘பொது வசதித் தளம்’. கூடவே கம்ப்யூட்டரில் வரைந்த படமும் இருந்தது. அதில் ஏழெட்டுப் பேர் நடக்கிறார்கள், ஒருவர் போன் பேசுகிறார். உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் இல்லை. உட்காரவும் ஒன்றும் இல்லை.

ஆறாவது மாடியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன் நான். இந்தக் கட்டடத்துக்குள் கால்வைத்து 11 வருடம் ஆகிறது. முதல் போட்டவனும் இல்லை, வாடகை கொடுப்பவனும் இல்லை. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் போகிறது. அந்த உரிமையில்தான் இந்த மடல். சிற்பம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாசலில் நுழைகிறவர் அசந்துபோவதற்காக மட்டும் வாங்காதீர்கள், உள்ளே நாள் முழுக்க இருக்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன்.

முதலில் அந்த வலதுபக்கச் சுவர். அங்கே ஏற்கெனவே ஒரு கலைப்படைப்பு இருக்கிறது என்பது அறிவிப்பு எழுதியவருக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது. சுட்ட மண் ஓடுகளால் ஆன சுவரோவியம். நானும் முதல் இரண்டு வருடம் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் லிஃப்ட் வேலை செய்யாமல் நின்றபோதுதான் பார்த்தேன். நாலரை மணி வாக்கில் கண்ணாடிக் கதவு வழியாக வெயில் சாய்ந்து வரும். அப்போது நீல ஓடுகள் எல்லாம் இப்போதுதான் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். கீழ் வரிசையில் ஒரு ஓட்டில் செய்தவரின் கட்டைவிரல் பதிந்திருக்கிறது, ரேகை தெரிகிற அளவுக்கு. பெயர்ப்பலகை ஒன்றும் உண்டு. அதற்கு நேர் முன்னால் பூந்தொட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஆண்டு விழாவுக்கு அதே ஓவியத்தின் மேல் தெர்மாகோல் எழுத்துகளை இருபக்க டேப்பால் ஒட்டினார்கள். பிய்த்து எடுத்தபோது மூன்று ஓடுகளின் மெருகும் சேர்ந்து வந்துவிட்டது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். டொரண்டோவில் ஈட்டன் சென்டர் என்ற வணிக வளாகத்தின் கூரையிலிருந்து 60 வாத்துகள் பறப்பதுபோல மைக்கேல் ஸ்னோ ஒரு சிற்பம் செய்திருந்தார். கிறிஸ்துமஸ் வந்ததும் வாத்துகளின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ஸ்னோ நீதிமன்றம் போனார். 1982-ல் ரிப்பன்களை அவிழ்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளானாலும் அதன் முகத்தை மாற்றும் உரிமை தானாக வந்துவிடாது.

நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய வழக்கு நடந்திருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பம், சுமார் 140 அடி நீளம். 1979-ல் புதுப்பிப்பு வேலை என்று சொல்லி அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மிஞ்சியிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் சொன்னது. நம் ஓடுகளைச் செய்தவர் இப்போது எங்கே இருக்கிறாரோ! திரை மாட்டுவதற்குமுன் அவரையோ குடும்பத்தாரையோ தேடி ஒரு கடிதம் போடுவதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை. திரை வேண்டுமென்றால் இடதுபக்கச் சுவர் காலியாகத்தானே கிடக்கிறது?

அடுத்து, வரப்போகும் சிற்பம். நியூயார்க்கில் ஃபெடரல் பிளாசா அரசு அலுவலகங்களுக்கு முன்னால் 1981-ல் ரிச்சர்ட் செர்ரா ஒரு இரும்புச் சுவரை நிறுத்தினார். 120 அடி நீளம், 12 அடி உயரம், லேசாகச் சாய்ந்து நிற்கும். கலை உலகம் கொண்டாடியது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்த ஊழியர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை, அகற்றச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 1985-ல் விசாரணை நடந்தது. பேசிய 180 பேரில் 122 பேர் அது இருக்கட்டும் என்றார்கள். ஆனாலும் 1989 மார்ச்சில் ஒரு ராத்திரியில் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் செர்ரா மேலும் கோபமில்லை, அந்த ஊழியர்கள் மேலும் கோபமில்லை. விசாரணையை 1985-க்குப் பதிலாக 1980-ல் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் இன்னும் அந்த 1980-ல்தான் நிற்கிறீர்கள். ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீரூற்றே சொல்லும். மோட்டார் பழுதாகி நாலு வருடம். இப்போது தொட்டியில் கூரியர் கவர்களின் ஓரங்களும் காய்ந்த பேனா ஒன்றும் கிடக்கின்றன. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. ஸ்டீல் சிற்பத்தைத் துடைக்க யார், எப்போது, எந்தக் கணக்கில் என்பதையும் வாங்குகிற அன்றைக்கே எழுதி வையுங்கள்.

இனி உட்காரும் விஷயம். இதுதான் எனக்கு முக்கியம்.

நியூயார்க்கில் 1961-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். கட்டடத்துக்கு முன்னால் மக்களுக்கென்று திறந்தவெளி விட்டால், அதற்கு ஈடாகக் கூடுதல் மாடிப் பரப்பு கட்டிக்கொள்ளலாம். கட்டியவர்கள் வெளியை விட்டார்கள், உட்கார இடம் விடவில்லை. கைப்பிடிச் சுவர்களின் மேல் கூர்முனைகளைப் பதித்தவர்களும் உண்டு. 1970-களில் வில்லியம் எச். வைட் என்பவர் இந்த இடங்களில் கேமரா வைத்து, யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் உட்காருகிறார்கள் என்று கண்டுபிடித்தார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதைச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். 1975-ல் விதியையே திருத்தினார்கள்: 30 சதுர அடி திறந்தவெளிக்கு ஒரு அடி நீள இருக்கை. வைட் கவனித்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருவதற்கு முன் ஆட்கள் அதை ஓரிரு அங்குலமாவது இழுத்துப் போட்டுக்கொள்வார்களாம், காரணமே இல்லாமல்.

அந்த விதியை நம் லாபியில் போட்டுப் பார்த்தேன். காலடியால் அளந்ததில் சுமார் 2,400 சதுர அடி வருகிறது. அப்படியானால் 80 அடி நீளத்துக்கு இருக்கை வேண்டும். இன்றைக்கு இருப்பது ஒரே ஒரு சோபா, அதையும் ‘விருந்தினருக்கு மட்டும்’ என்ற அட்டை காவல் காக்கிறது.

எட்டாவது மாடி வசதித் தளத்துக்கு அலுவலக ஐ.டி. கார்டு காட்டித்தான் போக முடியும் என்று போட்டிருக்கிறீர்கள். செக்யூரிட்டிக்காரர்களும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் கான்ட்ராக்டில் வருகிறவர்கள், அவர்களுக்கு அந்தக் கார்டு கிடையாது. எங்கள் மாடியைக் கூட்டும் அக்கா மதியம் எங்கே சாப்பிடுகிறார் தெரியுமா? மூன்றாவது மாடித் தீயணைப்புப் படிக்கட்டில். ஆள் அசைந்தால் மட்டும் எரிகிற விளக்கு அங்கே. அசையாமல் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும். அவர் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுகிறார், இருட்டும்போதெல்லாம் இடது கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுகிறார். நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. தீ விபத்து நேரத்தில் அடைபடாமல் இருக்க வேண்டிய படிக்கட்டு அது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். ஓடுகளை அங்கேயே விட்டுவிடுங்கள், பூந்தொட்டியை இரண்டடி தள்ளி வையுங்கள். சிற்பத்தின் மாதிரியை ஒரு மாதமாவது லாபியில் வைத்து, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். திட்டித்தான் எழுதுவார்கள், எழுதட்டும். சிற்பத்தின் பீடத்தையே உட்காரும் உயரத்துக்கு, ஒன்றரை அடிக்கு, அகலமாகக் கட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் கயிறு வேண்டாம். அப்புறம், எட்டாவது மாடிக் கதவு இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் திறக்கட்டும், சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வந்தாலும் சரி.

இதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போடுவதாக இருந்தால், மதியம் ஒரு மணிக்கு லாபியிலேயே போடுங்கள். நின்றுகொண்டுதான் பேச வேண்டியிருக்கும், அதற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஆறாவது மாடியிலிருந்து ஒருவன்