50 வாட்டும் உன் தோட்டத்துக் குடிசையும்

அன்புள்ள முத்து,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. வேலை என்று பொய் சொன்னால் நீ நம்பப்போவதில்லை. தோட்டத்துக் குடிசைக்கு 50 வாட் சூரிய மின்தகடு ஒன்று போதுமா என்ற உன் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம். மாமாவுக்கு இன்னும் அதே முட்டி, அதே புலம்பல்.

12 வோல்ட், 50 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் 600 வாட்-மணி, அதாவது ஒரு வாட் 600 மணி நேரம் ஓடும் அளவு. 50 வாட் தகட்டால் வகுத்தால் 12 மணி நேரம், ஒரே நாளில் நிரம்பிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராமே. வகுத்தல் சரிதான்டா, வெயில்தான் தப்பு. அந்த 50 வாட், தகடு 25 டிகிரியில் இருந்து உச்சி வெயில் நேராக விழுந்தால் வருவது. நம் ஊரில் மத்தியானம் தகட்டில் கை வைக்க முடியாது. சூடு ஏற ஏற வாட் குறையும். காலையிலிருந்து மாலை வரை விழுவதை உச்சி வெயிலாகச் சுருட்டினால் நாளுக்குச் சுமார் நாலரை மணி நேரம்தான் தேறும். வயர், பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், பேட்டரி எல்லாம் தின்றதுபோக எழுபது சதவீதம் கிடைத்தாலே பெரிது. ஆக, நாளுக்கு 157 வாட்-மணி.

நம்பாமல் சிங்கப்பூர் ஈசூன் வீட்டு பால்கனியில் நானே மாட்டிப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு மீட்டரில் 31 வாட். பதினொன்றரைக்கு எதிர் புளோக்கின் நிழல் தகட்டின் ஒரு மூலையைத் தொட்டது, வாட் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது. மூலைதானே என்று நினைத்தேன்! பாதி காலியான பேட்டரி நிரம்ப நாலு நாள். அதிலும் கடைசிப் பகுதி நத்தை. நிரம்ப நிரம்ப கண்ட்ரோலரே கரண்டைக் குறைத்துவிடுகிறது.

உனக்கு நாளுக்கு விளக்கு 25 வாட்-மணி, போன் 15, இரவு முழுக்க ஃபேன் 120. கூட்டிப் பார், 160. நல்ல வெயில் நாளிலேயே கைக்கும் வாய்க்கும் சரி. ரெண்டு நாள் மழை பிடித்தால் முதலில் சாவது உன் போன்தான். போன வருஷம் குளுவாங்கில் அப்படித்தான் ஆனது. உன் போன் வராமல் விடியும்வரை செல்வி அண்ணி வாசலில் உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

100 வாட்டாகவே வாங்கு. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காதே. தகட்டைக் கொஞ்சம் சாய்த்து வை, மழையே கழுவிவிடும். டுரியான் மர நிழலில் மட்டும் வைத்துத் தொலைக்காதே.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், மீட்டரோடு. பழம் எனக்கு, கொட்டை உனக்கு, பழைய ஒப்பந்தம்தான்.

சேகர்