பூங்காவில் டப்பாவை ஒளிக்காதீர்கள், பாட்டியிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தில்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டதும், பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு எங்கள் ஆர்.கே. புரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் பேசிவிட்டு கடைசியில் மலை மந்திர் போய் முருகனைக் கும்பிட்டு, அப்படியே ஒரு மால், அங்கே ஒரு பீட்சா, வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு போன். இதற்குப் பதிலாக ஜியோகேச்சிங் என்கிற விளையாட்டை வாசகர்களுக்குச் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன். ஆனால் வெளிநாட்டில் ஆடுகிற மாதிரியே அதை இங்கே ஆடக் கூடாது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொம்மை, சாவிக்கொத்து எதையாவது எடுத்தால் ஈடாக இன்னொன்றைப் போட வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது, மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இடத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதி வேண்டும். 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது, நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். மே 2-ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஒரேகானில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று இணையத்தில் போட்டார். அங்கே தொடங்கியதுதான் இது.

எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தது அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த என் அக்கா பையன். இங்கே ஒரு பூங்காவில் அவனும் என் பெண்ணும் செடிகளுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "அங்கிள், ஒளித்துவைத்த டப்பாவைத் தேடுகிறோம்" என்று அக்கா பையன் தனக்குத் தெரிந்த இந்தியில் வெள்ளந்தியாகச் சொல்ல, அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1985 மே மாதம் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் வெடிகுண்டு வைத்து பஸ்களில் போட்டுவிட்டுப் போன ஊர் இது, 2005-இல் தீபாவளிக் கூட்டத்தில் சரோஜினி நகர் மார்க்கெட்டில் வெடித்தது. சீட்டுக்கு அடியில் பாருங்கள், கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று பஸ்ஸில் படித்துப் படித்தே வளர்ந்த பிள்ளைகளிடம், புதருக்குள் கிடக்கும் டப்பாவைத் திறந்து பார் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

டப்பாவை ஒளிக்காமலே ஆடலாம். அந்த விளையாட்டிலேயே டப்பா இல்லாத வகைகள் உண்டு. பாறை, மண் போன்ற நிலவியல் விஷயங்களுக்கு எர்த்கேச் என்று ஒன்று, நேரில் போய்ப் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். இதை நாம் வீட்டிலேயே தயார் செய்யலாம், எந்த இணையதளத்திலும் சேர வேண்டியதில்லை. பழைய சுல்தான்களின் கல்லறைகள் இருக்கும் லோதி தோட்டம் என்ற பூங்காவில் நாங்கள் செய்தது இப்படி. பெரியவர்கள் முன்கூட்டியே ஒரு நடை போய் நாலைந்து இடங்களின் எண்களைக் குறித்துக்கொண்டு வந்தோம். வடக்கு 28 டிகிரி 35 நிமிடம் (இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இத்தனை, கிழக்கு 77 டிகிரி 13 நிமிடம் இத்தனை என்று துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டுக்கு ஒரு கேள்வி. 1444-இல் கட்டிய முகம்மது ஷா சையத் கல்லறையின் கூரையில் பெரிய கும்மட்டத்தைச் சுற்றி எத்தனை சின்ன மண்டபங்கள்? எட்டு. 1517-இல் கட்டிய சிக்கந்தர் லோதி கல்லறையும் அதே எண்கோணம்தான், அதன் கூரையில் எத்தனை? ஒன்றும் இல்லை. படா கும்பட் என்ற கும்மட்டக் கட்டடத்துக்குள் யாருடைய கல்லறை இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கல்லறையே இல்லையே, ஏமாற்றுகிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள், அதுதான் சரியான விடை. எதிரே ஷீஷ் கும்பட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓடுகளின் நிறம், அக்பர் காலத்துப் பாலத்தில் எத்தனை வளைவு (ஏழு, தாங்கும் தூண்கள் எட்டு, எண்ணிப் பார்க்காமல் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள்). கிடைத்த எண்களை வரிசையாகப் போட்டால் கடைசி இடத்தின் அட்சரேகையில் விட்டுப்போன இலக்கங்கள் வந்துவிடும். அங்கே புல்வெளியில் போர்வை விரித்து வெயில் காய்ந்துகொண்டு பாட்டி உட்கார்ந்திருப்பார், மடியில் எவர்சில்வர் டப்பா. எந்தக் காவலாளியும் விசில் ஊத மாட்டார், தின்பண்டம் கூடாது என்ற விதியும் பாட்டிக்குப் பொருந்தாது, முறுக்கு தாராளமாக வைக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, பிள்ளைகளுக்குப் புவியியல் தானாக ஏறுகிறது. நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் ஏறக்குறைய 1.85 மீட்டர், தில்லியில் கிழக்கு மேற்கில் அது 1.6 மீட்டர்தான். ஏன் குறைகிறது என்று என் பெண் கேட்டாள், உருண்டையில் மேலே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கும் என்பதை ஓர் ஆரஞ்சு சுளையை வைத்துச் சொன்னேன், அப்புறம் அந்தச் சுளையையும் காணோம்.

சில நடைமுறை விஷயங்கள். மூடுபனியால் ஜிபிஎஸ் கெடாது, கெடுவது நம் கண்தான், அதனால் காலை பத்து மணிக்கு மேல் போய் நாலு மணிக்குள் திரும்புவது நல்லது. தடித்த சுவர்களுக்குப் பக்கத்தில் சமிக்ஞை மோதித் திரும்புவதால் புள்ளி இங்கும் அங்கும் தாவும், எனவே சுவரை ஒட்டிய புள்ளியாகக் கொடுக்காமல் நடைபாதையில் திறந்த இடமாகக் கொடுங்கள். காற்று மாசு மோசமான நாட்களில் போகவே வேண்டாம், விளையாட்டு எங்கும் ஓடிவிடாது. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்களிடம் முக்கியமாகச் சொல்லிவையுங்கள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவியை அனுமதியில்லாமல் இங்கே கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் அதோடு பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். நமக்கு சாதாரண போன் போதும்.



தோட்டத்தைப் பராமரிக்கும் புதுதில்லி மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு யோசனை. பெயர்ப் பலகைகளில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம், பெரிய செலவில்லை. உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு பூங்காவுக்கு இப்படி நாலு எண்ணும் நாலு கேள்வியும் போடுங்கள், சென்னைக்கும் மதுரைக்கும்கூடப் போடலாம். தில்லிக்கு மட்டும் டிசம்பரிலேயே போட்டுவிடுங்கள். கோடை விடுமுறைச் சிறப்பிதழுக்கு என்று எடுத்துவைத்தால், மே மாதத்து 45 டிகிரியில் எங்கள் பாட்டி போர்வையோடு அங்கே போய் உட்கார மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆர்.கே. புரம், புது தில்லி