மூழ்கடிக்கும் முன் முன்கதவைக் கழற்றி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஎன்எஸ் குல்தார் கப்பலை மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கடலில் மூழ்கடித்து, கடலடி அருங்காட்சியகம் ஆக்கும் திட்டம் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2024 ஜனவரி 12 அன்று போர்ட் பிளேரில் சீட்டா, குல்தார், கும்பிர் என்ற மூன்று தரையிறக்கக் கப்பல்கள் ஒரே மாலையில் ஓய்வு பெற்றன. அவற்றில் குல்தாரை 2025 பிப்ரவரியில் கார்வார் தளத்தில் மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். நிவதி பாறைகளுக்குப் பக்கத்தில் மூழ்கடித்தால் பவளம் பிடிக்கும், மீன் சேரும், முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்ப்பார்கள் என்பது கணக்கு.

திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. மீனுக்குப் புதிதாக ஒரு கடலடிப் பாறை கிடைத்தால் நல்லதுதான். கப்பல் உடைக்கும் குஜராத்தின் அலங்கில் வெட்டுப்பட்டுத் தகடு தகடாக லாரி ஏறுவதைவிட இது மரியாதையான முடிவு. ஆனால் முக்குளிக்கத் தெரிந்தவர் நம் ஊரில் எத்தனை பேர்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க முடியாது, அதில் வேலை பார்த்த என்னைப் போன்ற கிழவர்களும் பார்க்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்தில் நான் கேட்பது சின்ன விஷயம்: கப்பலைக் கடலுக்குக் கொடுங்கள், வெட்டுக்குக் கொடுங்கள், அதற்கு முன்னால் அதன் முன்கதவையும் சாய்தளத்தையும் கழற்றிக் கரையில் வையுங்கள்.

ஏன் கதவு என்று சொல்கிறேன். இந்த மூன்றும் போலந்தின் கிடினியாவில் 1980களில் கட்டியவை. நீளம் 84 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் பத்து மீட்டர்கூடக் கிடையாது. அடி தட்டை. முன்பக்கம் தண்ணீருக்குள் இருப்பது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். துறைமுகமே இல்லாத கரையில் நேராக மணலில் ஏறி, வாயைத் திறந்து, டாங்கிகளையும் ஜவான்களையும் இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் அதன் வேலை. மற்றப் போர்க்கப்பல் தரை தட்டினால் கேப்டனை விசாரணைக்கு அழைப்பார்கள். எங்கள் கப்பல் தரை தட்டாமல் திரும்பினால்தான் கேள்வி கேட்பார்கள்.

நான் இந்த வகைக் கப்பலில் சீமேனாக இருந்தேன். என் இடம் பின்பக்கம், பின் நங்கூரத்து வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச். கரை ஏறுவதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்னால்தான் பார்ப்பார்கள், ஆனால் கப்பல் திரும்பி வருமா வராதா என்பது பின்னால் இருக்கிறது. கரைக்கு வெகு தூரம் இருக்கும்போதே நங்கூரத்தை விட்டுவிடுவோம். கம்பி வடம் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் மணல் உரசும் சத்தம் காலில் தெரியும், பிறகு கப்பல் நிற்கும். முன்னால் கதவு திறந்து எல்லாம் இறங்கி முடிந்ததும் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டு, கூடவே வடத்தை வின்ச்சில் சுற்றிச் சுற்றிக் கப்பலை இழுத்தெடுக்க வேண்டும். நங்கூரம் பிடிக்காமல் பிசகிவிட்டால் அலை கப்பலைப் பக்கவாட்டில் திருப்பிக் கரையில் போட்டுவிடும். வடம் இறுகியிருக்கும்போது அதன் பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டார்கள். அறுந்தால் ஆள் இரண்டு துண்டு.

இது புத்தகத்தில் படிக்கும்போது சுலபம். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது காக்ஸ் பஜார் கரையில், இதே குல்தார் என்ற பெயருடைய முந்தைய கப்பலும் கரியல் என்ற கப்பலும் கூர்க்கா வீரர்களை இறக்கப் போனபோது, கரைக்கு முன்னால் மணல் திட்டும் அதைத் தாண்டி ஆழமான பள்ளமும் இருந்தன. திட்டில் இறங்கி நடந்தவர்களில் சிலர் சுமையோடு பள்ளத்தில் மூழ்கி இறந்தார்கள். எதிரி ஒரு குண்டும் சுடாமலே போன உயிர்கள். கரை ஏறும் கலையைக் கடற்படை அப்படித்தான் கற்றது. அப்புறம் வந்த சீட்டா, குல்தார், கும்பிர் மூன்றும் சேர்ந்து 1,300 தடவைக்கு மேல் கரை ஏறியிருக்கின்றன, ஏறக்குறைய 17 லட்சம் கடல் மைல் ஓடியிருக்கின்றன என்று ஓய்வின்போது அரசு சொன்னது.

தட்டை அடி என்பதால் நடுக்கடலில் உருளுகிற உருளல் சொல்லி முடியாது. டாங்கி நிற்கும் தளத்தில் டீசல் வாடை, அதோடு வெக்கை. கடலையே முதல் தடவையாகப் பார்க்கிற ஜவான்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி சுருண்டு கிடப்பார்கள். கதவு திறந்து வெளிச்சம் உள்ளே வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். சண்டைக்குப் போகிறோம் என்ற பயத்தைவிடத் தரையைப் பார்த்த சந்தோஷம்தான் அதிகம் தெரியும்.

சரி, இப்படிப்பட்ட கப்பல்கள் ஏன் நிலைப்பதில்லை? பிறப்பிலேயே சீக்கிரம் அழியும் சாதி இது. ஒவ்வொரு தடவை மணலில் ஏறும்போதும் அடியில் பெயிண்ட் உரிந்துவிடும். கரை ஏறவும் இறங்கவும் கப்பலின் எடையைக் கூட்டிக் குறைக்க, தொட்டிகளில் கடல்நீரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம், எனவே துரு உள்ளிருந்தும் தின்னும். சிப்பிங் சுத்தியலால் தட்டித் தட்டித் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே சாம்பல் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் முதலில் அடித்த இடம் மறுபடியும் பழுப்பாகியிருக்கும். ஆள் பலத்தோடு ஓடிக்கொண்டிருக்கிற கப்பலுக்கே இந்தக் கதி என்றால், ஓய்வு பெற்றுத் துறைமுக மூலையில் கிடக்கும் கப்பலை யார் தட்டுவார்கள்? பெரிய பீரங்கியும் இல்லை, பெயரும் புகழும் இல்லை. பார்க்கச் சரக்குப் படகு மாதிரி இருக்கும். பழைய இரும்பு விலைக்குத்தான் அதற்கு மதிப்பு.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டால், அங்கும் தப்பியவை சொற்பம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய தரையிறக்கக் கப்பல்களைக் கட்டியது. இன்று போய்ப் பார்க்கும் நிலையில் உள்ளவற்றை விரல் விட்டு எண்ணலாம். அவற்றில் எல்எஸ்டி-325 தப்பிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. கிரேக்கக் கடற்படையில் வேலை பார்த்து ஓய்ந்து கிரீட் தீவில் கிடந்த அந்தக் கப்பலை, சராசரியாக எழுபது வயது தாண்டிய முன்னாள் மாலுமிகள் 2000ஆம் ஆண்டில் அங்கேயே போய்த் தங்கிச் சரிசெய்து, அட்லாண்டிக்கைக் கடந்து தாங்களே ஓட்டி வந்து 2001 ஜனவரியில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இப்போது அது எவன்ஸ்வில்லில் ஓஹியோ ஆற்றில் நிற்கிறது. ஆற்று நீர் என்பதால் உப்பு அரிப்பும் குறைவு.

இங்கிலாந்தில் எல்சிடி-7074 என்ற சிறிய கப்பல். 1944 ஜூனில் நார்மண்டி கரையில் டாங்கிகளை இறக்கியது. போருக்குப் பின் அதை இரவு கேளிக்கை விடுதி ஆக்கினார்கள். கடைசியில் பர்க்கன்ஹெட்டில் கேட்பாரற்று மூழ்கியும் போனது. 2014இல் தூக்கி, பழுது பார்த்து, 2020இல் போர்ட்ஸ்மவுத்தில் கரை ஏற்றி மேலே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். நார்மண்டிக்குப் போன 800க்கும் மேற்பட்ட அந்த வகைக் கப்பல்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். இரண்டு கதையிலும் நான் கவனிப்பது இதைத்தான்: ஒன்று நன்னீரில் நிற்கிறது, இன்னொன்று கரையில் நிற்கிறது. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு அருங்காட்சியகம் நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்துக்கே அது முடியவில்லை. மும்பையில் சில ஆண்டுகள் மக்கள் ஏறிப் பார்த்தார்கள், 2012இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள், 2014இல் உடைத்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கதையும் உண்டு. மாமல்லபுரத்தில் வைக்கப் போவதாகச் சொன்ன வாக்லி நீர்மூழ்கி ஆண்டுக்கணக்கில் சென்னைத் துறைமுகத்திலேயே கிடந்தது. அருங்காட்சியகம் வரவே இல்லை. விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியைக் கரைக்கு இழுத்து மணலில் நிறுத்தினார்கள். 2002இலிருந்து இன்றுவரை கூட்டம் குறையவில்லை.

ஆகவே முழுக் கப்பலைக் கேட்டு, அது துருப்பிடிப்பதைப் பார்த்து வருத்தப்படுவதைவிடக் கேட்க வேண்டியதைக் கேட்போம். முன்கதவு, சாய்தளம், பின் நங்கூரம், வின்ச். இந்த நாலும் ஒரு கூரைக்கு அடியில் இருந்தால், பிள்ளைகள் அந்தச் சாய்தளத்தில் நடந்து மணலில் இறங்கிப் பார்த்தாலே இந்தக் கப்பல் எதற்கு என்று புரிந்துவிடும். குல்தாருக்கு இன்னும் நேரம் இருந்தால் மகாராஷ்டிரம் இதைச் செய்யட்டும்.

தமிழ்நாட்டில் இப்படி ஒன்றை வைத்தால் ஒரு சங்கடம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பல்கள் 1987க்குப் பிறகு அமைதிப்படைக்காக இலங்கைக்கு ஓடியவை. எங்கள் கப்பலில் தமிழர்கள் நாங்கள் சிலர் இருந்தோம். அந்த ஓட்டங்களைப் பற்றி ஊரில் யாரும் கேட்டதில்லை, நாங்களும் பேசியதில்லை. ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். ஈழத்தமிழ்ப் பொதுமக்கள் பட்டதும் கொஞ்சமல்ல. இதே கப்பல்கள்தான் 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்துக்கும் ஓடின. விளக்கப் பலகை எழுதுகிறவர் சுனாமியை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடக் கூடாது. எழுதக் கூச்சமாக இருந்தால் பலகையே வேண்டாம்.

கடைசியாக எங்கள் ஊர் விஷயம். 2020 கொரோனா ஊரடங்கின்போது ஐஎன்எஸ் ஜலாஷ்வா என்ற பெரிய தரையிறக்கக் கப்பல் மூன்று தடவை தூத்துக்குடிக்கு வந்தது. கொழும்பிலிருந்து 685 பேர், மாலத்தீவிலிருந்து 700 பேர், ஈரானிலிருந்து 687 பேர். ஊர் திரும்ப வழியில்லாமல் தவித்தவர்கள். அந்தக் கப்பல் அமெரிக்காவில் 1971இல் ட்ரென்டன் என்ற பெயரில் பணிக்கு வந்தது, 2007இல் நமக்கு வந்தது. ஐம்பது வயது தாண்டிவிட்டது, ஓய்வு வெகுதூரத்தில் இருக்க முடியாது. அதன் வயிற்றுக்குள் நாலு சிறிய தரையிறக்கப் படகுகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 22 மீட்டர், முன்னால் அதே சாய்தளக் கதவு. அவற்றில் ஒன்றைத் தூத்துக்குடிக்குத் தரும்படி மாநில அரசு கடற்படைக்கு இப்போதே எழுதிவைக்க வேண்டும். கப்பல் விடைபெறும் விழா முடிந்த பிறகு மனுவோடு ஓடினால் படகு ஏலத்துக்குப் போயிருக்கும். கொண்டுவரச் செலவும் பெரிதாக ஆகாது, சொந்த எஞ்சினிலேயே துறைமுகத்துக்குள் வந்துவிடும். மக்கள் வந்து இறங்கிய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கரை ஏற்றலாம். மேலே கூரை போட மட்டும் மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் கடற்படை வீரர்,
தூத்துக்குடி.